பதினோரு மணி விருந்தாளிகள்

முத்தாலங்கரை மகளிர் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு, பொன்னுத்தாயின் அப்பா, இறந்துபோய்ப் பல வருஷமாகியிருந்தவர், ஒரு திங்கட்கிழமை காப்பி நேரத்தில் வந்தார். உயிரோடு இருந்த காலத்தில் எப்படி வருவாரோ அப்படியே, குடையின் நடுவைப் பிடித்துக்கொண்டு, வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வரலாமா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

துறைத் தலைவியான பொன்னுத்தாய்க்கு அப்பா இறந்தது தெரியாமல் இல்லை. அழுது, மொட்டையடித்த அண்ணன்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் அவள்தான். ஆனால் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் நாற்காலி, அடுத்து காப்பி, டம்ளர் காலியாகும் முன்னால் "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்பது முகத்தில் அடிப்பதற்குச் சமம். ஆகவே அவள் காப்பி கொடுத்தாள். அவர் ஆற்றிக் குடித்தார். குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, "உன் கம்ப்யூட்டரைத் தொறக்குற வார்த்தை என்ன தாயி? சும்மா தெரிஞ்சுக்கிடுதேன்" என்றார். அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கமாக நடந்து போனார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கைப்பிடியளவு கல்லுப்பு கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது வரலாற்றுத் துறைப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் எல்லாம் அழிந்து, திரை பாத்தி கட்டிய உப்பளம் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

மனையியல் துறை மரியபாக்கியம் அந்த உப்பைக் காகிதத்தில் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல உப்பு. நார்த்தங்காய்க்கு ஆகும்" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் ஜெசிந்தா. கணினித் துறை ஆசிரியை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறிய பிறகு, கேஸை மூடினோமா என்ற நினைப்பில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். வானம் வெளுத்திருந்தாலும் பையில் குடை இருக்கும். அப்படிப்பட்டவளுக்குக் கவலைப்படுவதற்கே சம்பளம் கொடுக்கும் பாடம் கணினிப் பாதுகாப்பு ஒன்றுதான் என்று தோன்றியதால் அதைப் படித்து, அதையே பிடித்துக்கொண்டவள். அந்த ஜூன் மாதம்தான் முதல்வர் எமல்டா சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பிள்ளைகள் மட்டும் படித்தால் போதாது, வரலாறு, தாவரவியல், இசை, மனையியல் எல்லாத் துறைக்கும் வாரத்துக்கு ஒரு வகுப்பு பாதுகாப்புப் பாடம் நடக்கட்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். ஜெசிந்தா பெரிய திரையைச் சுமந்துகொண்டு துறை துறையாகப் போனாள். வரலாற்றுத் துறையில் பரீட்சைத்தாள் திருத்தினார்கள். தாவரவியலில் கீரை ஆய்ந்தார்கள். இசைத் துறையில் மரியாதையாகத் தூங்கினார்கள்.

"யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பொன்னுத்தாயி!" என்று அன்றைக்குச் சாயங்காலம் ஜெசிந்தா கையைப் பிசைந்தாள்.

"யார் கேட்டாலும்னுதான சொன்னீங்க டீச்சர்," என்றாள் பொன்னுத்தாய், மூக்கைச் சிந்தியபடி. "அப்பா கேட்டாச் சொல்லாதன்னு சொல்லவே இல்லையே."

அடுத்த நாள் தாவரவியல் ராமலட்சுமியின் அக்கா வந்தாள். அக்கா கோயம்புத்தூரில் உயிரோடு சுகமாக இருப்பவள். அவள் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்தது வேறொன்று. அதற்கடுத்த நாள் இசைத் துறைக்கு வீணை சொல்லிக்கொடுத்த ஆசான் வந்தார். இப்படி நாள் தவறாமல், பதினோரு மணிக்கு, யாராவது ஒருவருக்கு அவருக்குப் பிரியமான ஒரு முகம் வந்தது, வாசலில் காலைத் துடைத்தது, காப்பி குடித்தது, சின்னதாக ஒன்றைக் கேட்டது, உப்பை வைத்துவிட்டுப் போனது. காவலாளி இசக்கியிடம் கேட்டால், "தெரிஞ்ச மூஞ்சியை எப்படி மறிக்க?" என்றார். கேன்டீன்காரர் பதினோரு மணிக்கு ஒரு படி பால் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார். யாருக்கு யார் வருவார்கள் என்று மாணவிகள் கடலை மிட்டாய் பந்தயம் கட்டினார்கள். ஆசிரியைகள் பெட்டியின் அடியிலிருந்த நல்ல சேலைகளை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், ஒருவேளை இன்றைக்கு நம் முறையோ என்று.

ஜெசிந்தாவைக் கலங்கவைத்தது இதுதான். ஏமாறுவதற்குத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களுக்கு என்ன பாடம் நடத்துவது? "பாஸ்வேர்டு போனாப் போவுது டீச்சர், எங்க அம்மையை இன்னொரு தடவை பாத்துக்கிடுதேனே" என்று மரியபாக்கியம் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

ஆனால் போவது அவரவர் கடவுச்சொல் மட்டும் இல்லை. ஒவ்வொரு துறையாகத் திரை வெளுத்துக்கொண்டே வந்தது. மிச்சம் இருந்தது ஜெசிந்தாவின் மனசுக்குள் மட்டும் இருந்த பெரிய கடவுச்சொல்; எல்லாத் துறையின் மதிப்பெண்களுக்கும் அவள் எடுத்து வைத்திருந்த நகல் அதற்குப் பின்னால்தான் இருந்தது. அந்த வருஷம் பட்டம் வாங்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியலும் அங்கேதான் இருந்தது. மாதக் கடைசிக்குள் அது பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். அதில் பாதிப் பெயர், வெயிலில் உப்பு வாரிக் கால் வெடித்துப்போன வீடுகளின் பெயர். அந்த வீடுகளில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகிற பெயர். அது வெளுத்துப்போனால் அந்தப் பிள்ளைகள் படித்ததற்குச் சாட்சி இல்லை.

"உங்ககிட்ட வந்தா என்ன செய்வீங்க ஜெசிந்தா?" என்று எமல்டா சிஸ்டர் கேட்டார்.

"எங்கிட்ட யார் வருவா சிஸ்டர்? எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கும்போதே ஒரு டம்ளர் தண்ணி கேக்காத மனுஷன். செத்த பிறகா வந்து பாஸ்வேர்டு கேக்கப்போறாரு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் வருகிறது, தனக்கு வரவில்லை என்பதும் அவளுக்கு ஒரு கவலையாகவே இருந்தது. தினம் பதினோரு மணிக்கு எதிர் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, பிறகு தன்னையே திட்டிக்கொண்டு அதைச் சுவரோரம் தள்ளி வைப்பாள்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், பிரிசில்லா. இதே கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஓசூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த கபீரைக் கட்டிக்கொண்டு போனவள். போகும்போது வாசலில் நின்று, "நீயா கூப்பிடுற வரைக்கும் நான் கூப்பிடமாட்டேம்மா" என்றாள். "அப்ப இந்த ஜென்மத்துல பேச்சே கெடையாது" என்றாள் ஜெசிந்தா. இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பரம்பரை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜெசிந்தா மகளின் போன் எண்ணைக் கடைசி ஒரு இலக்கம் மட்டும் மிச்சம் வைத்து அமுக்குவாள். அதோடு நிறுத்திவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள்.

அடுத்த வாரம் ஜெசிந்தா மறுபடியும் துறை துறையாகப் போனாள். இந்தத் தடவை திரையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரே ஒரு கேள்வியோடு போனாள்: "உங்க பாடத்துல, ஒண்ணு நெசமா பொய்யான்னு எப்படிப் பாப்பீங்க?"

அதுவரை தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஒரு செப்பேடு கிடைத்தால் அது சொல்வதை மட்டும் நம்ப மாட்டோம், வேறு இடத்திலிருந்து இன்னொரு சாட்சி கேட்போம் என்றது வரலாறு. இலையின் மேல்புறம் ஏமாற்றும், புரட்டி அடிப்புறம் பார்ப்போம் என்றது தாவரவியல். உடனே ராமலட்சுமி, "எங்க அக்கா கையை நீட்டும்போது பாத்தேன், உள்ளங்கையில ரேகையே இல்ல" என்று எழுந்து நின்றாள். எவ்வளவு பெரிய பாடகர் ஆனாலும் மூச்சு எடுக்கிற இடம் ஒன்று இருக்கும், அதைக் கேட்போம் என்றது இசை. அந்த ஆசான் மூச்சே எடுக்காமல் பேசினார் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மரியபாக்கியம் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, "வந்தவங்களைச் சந்தேகப்பட்டு நிக்க வைக்க முடியாது, ஊர் சிரிக்கும். காப்பி கொடுத்துத்தான் ஆகணும். ஆனா சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுக் கொடுப்போம். நெசமான மனுஷன் துப்பிருவான். உப்புக்கு உப்பு கரிக்காதுல்ல" என்றாள்.

அப்படித்தான் முத்தாலங்கரையில் கணினிப் பாதுகாப்பு கணினியே இல்லாமல் நடந்தது. வந்த முகங்கள் உப்புக் காப்பியை ரசித்துக் குடித்தன. குடித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கும்பிட்டு, "சந்தோஷம், போயிட்டு வாங்க" என்றார்கள். அவை ஒன்றும் கேட்க முடியாமல் எழுந்து போயின. மரியபாக்கியத்தின் அம்மாவும் வந்தாள். மகள் அவளுக்கு உப்புக் காப்பி கொடுத்து, ஆசை தீரப் பார்த்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துவிட்டு, கடவுச்சொல்லைச் சொல்லாமல் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அழுதாள்தான். ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து நிஜமாகவே வந்த அதிகாரி முதல் வாயிலேயே காப்பியைத் தன் கோப்பின் மேல் துப்பினார்; துறை முழுவதும் கைதட்டியது; தனக்கு எதற்காக இவ்வளவு வரவேற்பு என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. ராமலட்சுமி மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை அவள் கணவர் கொண்டு வந்தபோது, கையைக் காட்டச் சொல்லி, மூச்சு விடச் சொல்லி, சாட்சிக்கு ஒரு ஆளைக் கூட்டி வரச் சொன்னார்கள். "நான் பொய்யாவே இருந்துட்டுப் போறேன் தாயே" என்று அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவ்வளவு சோற்றையும் தானே தின்றுவிட்டுப் போனார். ஊருக்குள்ளும் இது பரவியது. பெண் பார்க்கப் போனவர்களுக்கு உப்புக் காப்பி வந்தது. துப்பினால்தான் சம்பந்தம் என்றானது.

இப்படி எல்லாம் சரியாகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஜெசிந்தா, வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கடைசி பெஞ்சில் கொஞ்சம் உப்பு சிந்திக் கிடப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். பாடம் கேட்க அவையும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதன் பிறகு வந்த முகங்கள் உப்புக் காப்பிக்கு முகம் சுளித்தன. அவற்றின் உள்ளங்கையில் ரேகை ஓடியது. பேச்சின் நடுவே அழகாக மூச்சு வாங்கின. இரண்டாவது சாட்சியாக இன்னொரு முகத்தைத் துணைக்குக் கூட்டி வந்தன.

பட்டியல் போக வேண்டிய கடைசி நாள், ஜெசிந்தா கணினியின் முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்தபோது, வாசலில் யாரோ காலைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"ம்மா."

நீலச் சுடிதார். சின்ன வயசில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு புருவத்தில் அப்படியே இருந்தது. வயிறு மேடிட்டிருந்தது, ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பிரிசில்லா நின்றாள்.

ஜெசிந்தா சுவரோரம் தள்ளி வைத்திருந்த நாற்காலியை எடுத்துப் போட்டாள். காப்பி வந்தது. மகள் ஒரு வாய் குடித்து, "சீ, என்னம்மா இது, உப்பு" என்று துப்பினாள். கையை நீட்டினாள், ரேகை இருந்தது. மாடி ஏறி வந்த இளைப்பில் மூச்சு வாங்கியது. விஷயம் தெரிந்து அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பொன்னுத்தாய் சாட்சியாக முன்னால் வந்து உற்றுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பிரிசில்லாதான் டீச்சர். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"இந்த வருஷப் பட்டியல் போகுதாம்லம்மா," என்றாள் மகள். "நான் ஒழுங்காப் படிச்சிருந்தா என் பேரும் ஒரு வருஷம் அதுல போயிருக்கும். ஒரு தடவை தொறந்து பாத்துக்கிடுதேன். அந்த வார்த்தையைச் சொல்லேன்."

வெளியே உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிப் போகும் சத்தம் கேட்டது. சொல்லிவிட வேண்டும் என்று ஜெசிந்தாவின் உடம்பு முழுவதும் சொன்னது. சொன்னால் இந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அவள் தன் முதல் வகுப்பில், யாருமே காதில் வாங்காதபோது, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விதி மிச்சம் இருந்தது. உங்களைத் தேடி வந்து ஒருவர் கேட்டால், அந்த இடத்தில் வைத்துப் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னாலேயே தெரிந்த பாதையில், நீங்களாகப் போய், அவரைக் கேளுங்கள். ஊருக்கெல்லாம் சொன்ன அந்தப் பாதையில் அவள் இத்தனை காலமாக ஒரு இலக்கம் குறைவாகவே நின்றிருந்தாள்.

செல்போனை எடுத்தாள்.

"எதுக்கும்மா போன்? நான்தான் எதிர்ல இருக்கேனே," என்றது நாற்காலி.

"ஆமா தாயி. இரு, காப்பியைக் குடி," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா கடைசி இலக்கத்தையும் அமுக்கினாள்.

மணி அடித்தது. எதிரில் இருந்தவளின் கையிலோ பையிலோ ஒன்றும் அடிக்கவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு குரல், பின்னால் லேத்து ஓடும் இரைச்சலோடு, "யாரு?" என்றது.

"நான்தான்."

"நான்தான்னா?"

"அம்மா."

லேத்துச் சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல் எச்சரிக்கையாக, வேற்று ஆளிடம் பேசுவது போலப் பேசியது. "போன வாரமும் ஒரு அம்மா இங்க வந்தாங்க. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, சிரிச்ச முகமா. கடைக் கணக்கைத் தொறக்குற நம்பரைக் கேட்டாங்க. உப்பைப் பெருக்கிக் கொட்டிட்டேன். நீங்க எங்க அம்மாதான்னு நான் எப்படி நம்புறது?"

இந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று ஜெசிந்தா நினைத்ததே இல்லை. "உன் புருவத்துல தழும்பு இருக்கு," என்றாள்.

"அவங்களும் சொன்னாங்க."

"ஞானஸ்நானத்துக்கு வெள்ளைக் கவுன் போட்டோம். மாதா கோயில் படியில ஒண்ணுக்குப் போயிட்டே."

"அதையும் சொன்னாங்க."

வேறு என்ன சொல்வது? வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அப்போது போனுக்குள் மெல்லியதாக ஒரு சத்தம் அவள் காதில் விழுந்தது.

"ஏட்டி, அது என்ன சத்தம்? அடுப்புல பாலா வச்சிருக்கே? பாலை வச்சுட்டா பட்டறைக்கு வந்து நிக்கே? போய் முதல்ல கேஸைச் சின்னதா வை. டியூபை மாத்தினியா இல்லியா? ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேம்லா! வீட்டு வாசலைத் தொறந்து போட்டுட்டா வந்திருக்கே? பகல்லயும் தாப்பா போடணும்னு எத்தனை தடவை…"

சொய்யென்று எதுவோ பொங்கி வழிந்தது.

"பொங்கிட்டும்மா," என்றது குரல். அது அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. "நீ பேசிப் பேசியே பொங்கிட்டு. ம்மா. நீதானா?"

"மாசமா இருக்கியாட்டி?"

"யாரு சொன்னா? இங்க பூனைதான் குட்டி போட்டிருக்கு."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. மற்றவர்கள் விட்டுப்போனதைவிடப் பெரிய குவியலாக, மடி நிறைய, உப்பு இருந்தது. அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கணினிப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றாள்.

"நாங்களுமா டீச்சர்?" என்றாள் பொன்னுத்தாய்.

"நீங்கதான் முதல்ல."

வரலாறும் தாவரவியலும் இசையும் மனையியலும், எமல்டா சிஸ்டரும்கூட, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மகள் பூனைக்குட்டிகளின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, தாய் அதற்கு உம் கொட்டிக்கொண்டே கடவுச்சொல்லை அடித்தாள். பட்டியல் போனது. திரை வெளுக்கவில்லை. உப்பளத்துப் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போயின.

நடந்த கதை எல்லாம் போனிலேயே பேசித் தீர்ந்த பிறகு, அந்தச் சனிக்கிழமை, பூட்டை இழுத்துப் பார்த்து, பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்து, ஜெசிந்தா ஓசூருக்கு பஸ் ஏறினாள். பையில் குடையும், அந்த உப்பில் மரியபாக்கியம் போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. ஓசூரில் வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் காலைத் துடைத்தபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அதுவே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பிரிசில்லா கதவைத் திறந்தாள். வாசலிலேயே நாற்காலியைப் போட்டு, உள்ளே போய் டம்ளரோடு வந்து நீட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்தாள். பின்னால் கபீர் ஒரு பூனைக்குட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

ஜெசிந்தா ஒரு வாய் குடித்தாள். கண்ணில் நீர் வரும்படி கரித்தது. வாசல் பூந்தொட்டிப் பக்கம் குனிந்து, குடித்ததைத் துப்பினாள்.

"இவ்வளவு உப்பையா அள்ளிப் போடுவே, நாசமாப் போறவளே!"

மகள் டம்ளரை வாங்கிக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாம்மா. கேஸை மூடிட்டேன்."